டிவி சேர்த்துவைத்த குழு நிஜமான குழுவா? கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலின் பதில்

"சார், இவங்களா ஆள் பொறுக்கிச் சேர்த்துவைக்கிற குழுவெல்லாம் ஒரு குழுவா? நாளைக்கு யாராவது மதிப்பாங்களா?" டிவி பாட்டு நிகழ்ச்சியின் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு வேலூர் சத்துவாச்சாரியில் என்னைப் பார்க்க வரும் பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான். பிள்ளையோடு காட்பாடியில் ரயிலேறி, சென்னையில் ஆடிஷன் முடித்து, தேர்வான சந்தோஷத்தோடு வந்திருப்பார்கள். கையில் முழுக்க ஆங்கிலத்தில் ஒரு கட்டுத் தாள் இருக்கும்.

ஆளைச் சேர்த்தது யார் என்பதை வைத்து எந்தக் குழுவையும் நான் போலி என்று சொல்லமாட்டேன். நம் பக்கத்து மெல்லிசைக் குழுக்களையே பாருங்கள். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவிலும் ஆடி மாதக் கோயில் விழாக்களிலும் மேடையேறும் குழுவுக்கு ஓர் உரிமையாளர் இருப்பார். பேனரில் அவர் வைத்த பெயர். கீபோர்டு ராணிப்பேட்டையிலிருந்து வரும், ரிதம் பேட் வாசிப்பவர் ஆம்பூர்க்காரர், மறுநாள் இருவரும் வேறு குழுவில் இருப்பார்கள். நள்ளிரவு தாண்டியும் ஜனம் கலையாமல் கேட்கிறது. நீங்கள் ஒன்றாக வளர்ந்தவர்களா என்று யாரும் கேட்பதில்லை.

இந்தக் கேள்வியை உலகமே ஒரு குழுவைப் பார்த்துக் கேட்டது. 1965இல் ஹாலிவுட் தொழில் பத்திரிகைகளில், ஒரு டிவி தொடரில் நடிக்க 17 முதல் 21 வயதுக்குள் நான்கு இளைஞர்கள் தேவை என்று விளம்பரம் வந்தது. 400 பேருக்கு மேல் முயன்றதில் உருவான குழு மங்கீஸ். மிக்கி டோலென்ஸ் சிறுவயதிலிருந்தே நடிகர். டிரம்ஸை இந்தத் தொடருக்காகத்தான் கற்றுக்கொண்டார். டேவி ஜோன்ஸ் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையிலிருந்து வந்தவர். மைக்கேல் நெஸ்மித்தும் பீட்டர் டார்க்கும் ஏற்கெனவே பாட்டே பிழைப்பாக இருந்தவர்கள். 1966 செப்டம்பரில் தொடர் தொடங்கியது, பாட்டுகள் பட்டிதொட்டியெங்கும் ஒலித்தன. ஆனால் முதல் இரண்டு ஆல்பங்களில் குரல்தான் இவர்களுடையது. கருவிகளைப் பெரும்பாலும் வாசித்தவர்கள் ஸ்டுடியோ கலைஞர்கள். விஷயம் வெளியே வந்ததும் போலிக் குழு என்ற பழி விழுந்தது.

அது நியாயமான பழி என்று எனக்குத் தோன்றவில்லை. அன்றைய லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோக்களில் அதுதான் வழக்கம். பேர்ட்ஸ் என்ற ராக் குழுவின் முதல் பெரிய வெற்றிப் பாட்டில் அந்தக் குழுவிலிருந்து கருவி வாசித்தவர் ரோஜர் மெக்வின் ஒருவரே. நம் சினிமாப் பாட்டிலும் வயலின் வாசித்தவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

மங்கீஸ் கதையில் என்னை நெகிழவைப்பது 1967இல் நடந்தது. எந்தப் பாட்டு, யார் வாசிப்பது என்பதையெல்லாம் முடிவுசெய்துவந்த இசை மேற்பார்வையாளர் டான் கிர்ஷ்னரோடு நால்வரும் மோதினார்கள். அவர் வெளியேற்றப்பட்டார். அடுத்த ஆல்பமான 'ஹெட்குவாட்டர்ஸ்' பெரும்பாலும் அவர்களே வாசித்தது. அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. கிர்ஷ்னர் அடுத்து ஆர்ச்சீஸ் என்ற கார்ட்டூன் குழுவுக்குப் போனார். 1969இல் அவருக்கு அதிலும் முதலிடம் கிடைத்தது. படத்தில் வரைந்த ஆட்கள் எந்த உரிமையும் கேட்கமாட்டார்கள் அல்லவா!

நம் நாட்டில் 2002இல் சேனல் வி டிவியின் நிகழ்ச்சி ஒன்று ஐந்து பெண்களைத் தேர்ந்தெடுத்து 'விவா'வை உருவாக்கியது. குழு சில ஆண்டுகளில் கலைந்தது. அதில் இருந்த நேஹா பசின் பின்னர் யுவன் சங்கர் ராஜா இசையில் தமிழிலும் பாடினார்.

ஆகவே என்னிடம் வருபவர்களை ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடச் சொல்வது, குழுவின் பெயர் யாருடையது என்பதை. பெரும்பாலும் அது நிறுவனத்தின் வணிகச் சின்னமாக (டிரேட்மார்க்) இருக்கும். குழுவை விட்டு வந்தபிறகு அந்தப் பெயரைப் போட்டு உள்ளூர்த் திருவிழா போஸ்டர் அடித்தாலும் நோட்டீஸ் வரலாம். 'முன்னாள் உறுப்பினர்' என்று போட்டுக்கொள்ளும் அனுமதியையாவது எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது, வெளியே பாடக்கூடாது என்ற தடை. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் காலத்துக்கு அதை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்கின்றன. முடிந்தபிறகும் நீளும் தடை, ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி செல்லாது. 2006இல் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் தொடர்பான வழக்கில், முடிந்துபோன ஒப்பந்தத்தை வைத்து அவரைக் கட்டிப்போட உச்ச நீதிமன்றம் இடம் தரவில்லை. அடுத்து ராயல்டி, அதாவது பாட்டு பயன்படும்போது பாடியவருக்குச் சேரவேண்டிய பங்கு. படம்பிடிக்க எழுத்தில் சம்மதித்துவிட்டால் ஒளிபரப்பைப் பிறகு தடுக்க முடியாது. ஆனால் அந்தப் பாட்டு வணிகத்துக்குப் பயன்படும்போது பாடியவருக்கு ராயல்டி உண்டு என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் சொல்கிறது. 'ஒரே தொகையில் எல்லாம் முடிந்தது' என்ற வரியைப் பார்த்தால் அந்த இடத்திலேயே நிறுத்திக் கேள்வி கேளுங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் எனக்குக் கவலை இன்னும் அதிகம். 18 வயது நிறையாதவர் தானே போடும் ஒப்பந்தம் செல்லாது. அதனால்தான் அப்பா அம்மாவிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். பொறுப்பு அவர்கள் தலையில் விழுகிறது. 14 வயது நிறையாத குழந்தையை நிகழ்ச்சியில் பங்கேற்கவைக்க, நிகழ்ச்சி நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் தயாரிப்பாளர் அனுமதி வாங்க வேண்டும். நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. இடைவெளியில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாட்களுக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம், தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தையின் பெயரிலேயே வைப்புத்தொகையாகப் போக வேண்டும். குழந்தைக்கு விருப்பமில்லையென்றால் பாடவைக்கவே கூடாது என்பதும் விதியில் இருக்கிறது. இவற்றை நான் சொல்லித்தான் பல வீடுகளுக்குத் தெரியவருகிறது என்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

"இப்பவே கையெழுத்துப் போடுங்க, இல்லேன்னா அடுத்த ஆளைக் கூப்பிடுவோம்" என்று அவசரப்படுத்தினால், வீட்டில் படித்துப் பார்க்க இரண்டு நாள் அவகாசமும் ஒரு நகலும் கேளுங்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் போதும். கையெழுத்துப் போட்டபிறகு வருவதைவிட, போடுவதற்கு முன் வாருங்கள்.