இரு தண்டுகளை ஒரே நேர்கோட்டுக்குக் கொண்டுவருவது: டயல் கேஜா, லேசரா?

மோட்டாரையும் பம்பையும் கப்ளிங் போட்டு இணைத்துவிட்டால் சுற்றத்தானே போகிறது என்று தோன்றும். சுற்றும்தான். ஆனால் இரண்டு தண்டுகளின் மையக்கோடும் ஒன்றாக இல்லாவிட்டால் அந்த விலகலை ஒவ்வொரு சுற்றிலும் கப்ளிங்கும் பேரிங்கும் சீலும் தாங்கியாக வேண்டும், கொஞ்ச நாளில் சீல் ஒழுகும், அப்புறம் பேரிங் சத்தம் போடும். (கோவை மோனோபிளாக் பம்புகளுக்கு இந்தத் தலைவலியே கிடையாது, தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் மோட்டார் தண்டிலேயே உட்கார்ந்திருக்கும்.)

விலகல் இரண்டு விதம். இரு தண்டுகளும் இணையாக இருந்தும் ஒன்று மேலேயோ பக்கவாட்டிலோ தள்ளி நிற்பது ஒன்று, ஒன்றுக்கொன்று கோணத்தில் சாய்ந்திருப்பது இன்னொன்று. நிஜத்தில் இரண்டும் கலந்துதான் வரும். 3000 ஆர்பிஎம் ஓடும் பம்பில் தள்ளல் சுமார் 0.05 மி.மீ.க்குள் இருந்தால்தான் நிம்மதி, ஸ்கேலும் கண்ணும் வைத்துப் பார்க்கிற விஷயமில்லை.

டயல் முறை எளிமையானது. பம்புப் பக்கம் ஒரு பிராக்கெட்டை மாட்டி, அதன் நுனியில் உள்ள டயல் கேஜ் (முனை எவ்வளவு உள்ளே, வெளியே நகர்கிறது என்று முள்ளால் காட்டும் கருவி), மோட்டார் பக்கக் கப்ளிங்கின் விளிம்பைத் தொடும்படி வைக்கிறோம். மேலே பூஜ்யம் வைத்து இரண்டு தண்டையும் சேர்த்துச் சுற்றிக் கீழே கொண்டுவந்தால் டயல் காட்டுவதில் பாதிதான் தள்ளல். கோணத்துக்குக் கப்ளிங்கின் முகத்தில் இன்னொரு டயல் வைக்கலாம், அல்லது மோட்டார் பக்கத்திலிருந்து பம்பை நோக்கி ஒன்று மாட்டலாம். பின்னதுதான் ரிவர்ஸ் டயல்.

இதில் உள்ள வில்லங்கம் பிராக்கெட்டின் தொய்வு. தூண்டில் கம்பின் நுனி தாழ்வது மாதிரி, டயலின் எடையில் பிராக்கெட் கொஞ்சம் தாழும். மேலே இருக்கும்போது டயல் தண்டை அழுத்தும், கீழே போனதும் தண்டை விட்டு விலகும். அதே பிராக்கெட்டை ஒரு விறைப்பான குழாயில் மாட்டிச் சுற்றிப் பார்த்தபோது கீழே −0.12 மி.மீ. காட்டியது என்று வைத்துக்கொள்வோம். இயந்திரத்தில் கீழே +0.20 வந்தால் உண்மையான அளவு +0.32, அதாவது மோட்டார் தண்டு 0.16 தாழ்வாக இருக்கிறது. தொய்வைக் கணக்கில் எடுக்காதவர் மோட்டார் கால்களுக்கு அடியில் 0.10 மி.மீ. ஷிம் (மெல்லிய தகடு) போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று கிளம்புவார், 0.06 அப்படியே நிற்கும். இடது, வலது அளவுகளின் கூட்டல் மேல், கீழ் அளவுகளின் கூட்டலுக்குச் சமமா என்று ஃபிட்டர்கள் சரிபார்ப்பது வழக்கம், நல்ல வழக்கம்தான். ஆனால் பக்கவாட்டில் தொய்வு சரியாகப் பாதியாக வருவதால் அந்தக் கூட்டல் தொய்வு இருந்தாலும் பொருந்திவிடும். பிராக்கெட் லூசாக இருந்தால்தான் அது காட்டிக்கொடுக்கும்.

லேசர் ஜெயிப்பது இங்கேதான்: ஒளிக்குத் தொய்வு கிடையாது. ஒரு தண்டிலிருந்து கிளம்பும் ஒளி மறு தண்டில் உள்ள உணரியில் விழுகிறது, சுற்றும்போது புள்ளி எவ்வளவு நகர்கிறது என்று கருவி பார்க்கிறது. இரண்டு பக்கமும் லேசரும் உணரியும் இருக்கும் கருவி, வடிவியலில் பார்த்தால், ரிவர்ஸ் டயலேதான். 1984-இல் ஜெர்மனியின் ப்ரூஃப்டெக்னிக் நிறுவனம் ஆப்டலைன் என்ற கருவியைக் கொண்டுவந்த பிறகுதான் இது தொழிற்சாலைகளுக்குள் வந்தது. முழுச் சுற்று சுற்ற முடியாத இடத்தில் 60 டிகிரி சுற்றினாலே பல கருவிகளுக்குப் போதும். எந்தக் காலுக்கு எவ்வளவு ஷிம் என்பதையும் அதுவே சொல்லிவிடும்.

ஆனால் திரையில் மூன்று தசம இலக்கம் தெரிகிறது என்பதற்காக அதை அப்படியே நம்பிவிடக் கூடாது. கப்ளிங்கிலிருந்து முன்கால், பின்கால் எவ்வளவு தூரம் என்று டேப்பில் அளந்து கொடுப்பது நாம்தான், அதில் தப்பு நடந்தால் ஷிம் கணக்கும் தப்பு. பக்கத்தில் நீராவி ஒழுகினால் ஒளி வளையும், அளவு தாவும். கப்ளிங் துளை மையம் தவறிக் கடையப்பட்டிருந்தாலும் இரு தண்டையும் சேர்த்துச் சுற்றும் லேசருக்கு அது தெரியாது. அதைப் பிடிக்க ஒரு தண்டை மட்டும் சுற்றி டயலில்தான் பார்க்க வேண்டும். மோட்டாரின் நான்கு கால்களில் ஒன்று சரியாக அமராமல் இருக்கிறதா என்று பார்க்கவும், என்னைக் கேட்டால், காலின் மேல் டயலை வைத்து போல்ட்டைத் தளர்த்துவதுதான் நேர்வழி. 0.05 மி.மீ.க்கு மேல் எழும்பினால் முதலில் அந்தக் காலைச் சரிசெய்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

சூடு விஷயத்தில் இரண்டு கருவியும் ஒன்றுதான், நின்றிருக்கும் இயந்திரத்தைத்தான் அளக்கின்றன. 280 ஃபிரேம் மோட்டாரில் தண்டின் மையம் 280 மி.மீ. உயரத்தில் இருக்கும், உடல் 40 டிகிரி சூடேறினால் அது சுமார் 0.12 மி.மீ. மேலே போய்விடும். பம்பு குளிர்ந்த தண்ணீரைத் தள்ளுவது என்றால் மோட்டாரை அந்த அளவுக்குத் தாழ்வாக வைத்துத்தான் அலைன்மென்ட் முடிக்க வேண்டும். இதைச் செய்யாமல் லேசரில் பூஜ்யம் கொண்டுவந்து பிரிண்ட் எடுத்து ஃபைலில் வைப்பவர்கள் நிறையப் பேர்.

எப்போதாவது ஒன்றிரண்டு பம்பு பார்க்கும் பட்டறைக்கு நல்ல டயலும் விறைப்பான பிராக்கெட்டும் போதும். நாள் முழுக்க இதே வேலை என்றால் லேசர் வாங்கிவிடலாம், மிச்சமாகும் நேரமே காசு. கூலிங் டவர் ஃபேன் மாதிரி மோட்டாருக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே நீளமான தண்டு போகும் இடத்தில் மட்டும் யோசிக்கவே வேண்டாம், லேசர்தான். அவ்வளவு தூரத்துக்கு பிராக்கெட்டை நீட்டினால் தண்டை விட்டுவிட்டுத் தொய்வைத்தான் அளந்துகொண்டிருப்போம்.