பாட்டு பிடித்திருக்கிறது, யாரிடம் கேட்பது?

படத்துக்கோ டிவி தொடருக்கோ பாட்டு தேடுகிறவர்கள் அனுப்பும் மின்னஞ்சல் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கும். காட்சி இன்னது, பாட்டின் நடுவிலிருந்து அரை நிமிடம் வேண்டும், இந்தெந்த நாடுகளில் காட்டுவோம், கட்டணம் இவ்வளவு, நாளை மாலைக்குள் பதில் வேண்டும். அவர்கள் முதலில் கேட்ட பிரபலமான பாட்டின் விலை கட்டுப்படியாகாமல் கடைசி நேரத்தில் நம் பக்கம் திரும்பியிருப்பார்கள், அதனால்தான் இந்த அவசரம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இசைக்கலைஞர்களுக்கு ஒப்பந்த வேலை பார்த்துக்கொடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இப்படி வரும் வாய்ப்புகள் நழுவுவது பாட்டு பிடிக்காமல் அல்ல. 'சரி' சொல்ல உரிமை உள்ளவர் யார் என்பது அந்த ஒரு நாளுக்குள் தெளிவாகாததால்தான்.

எங்கள் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் உருவான ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தவிலும், ஜூலு மக்களின் நாட்டுப்புற இசையான மஸ்கந்தியின் கிட்டாரும் சேர்ந்து வரும், கேட்டால் கால் தானாகத் தாளம் போடும். மெட்டு ஒருவருடையது. தமிழ் வரிகள் அவருடைய சித்தப்பா எழுதியவை. பாட்டின் ஜூலு மொழிப் பகுதியைப் பாடிய பெண்ணே அந்த வரிகளையும் எழுதியவர். தவில்காரர் இப்போது ஆஸ்திரேலியாவில். பதிவு நண்பரின் ஸ்டூடியோவில், காசு வாங்காமல் செய்தது. மின்னஞ்சல் வந்ததும் மெட்டுப் போட்டவர் என்னிடம் கேட்டது, “அண்ணா, நல்ல காசு தர்றாங்க, இன்னைக்கே கையெழுத்துப் போட்டுடட்டுமா?” போட முடியாது. அவர் கையில் இருந்தது பாட்டில் ஒரு பங்குதான்.

ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. மெட்டும் வரிகளும் ஒன்று, அதைப் பாடி வாசித்துப் பதிவு செய்த ஒலிப்பதிவு, அதாவது மாஸ்டர், இன்னொன்று. படத்தில் சேர்க்க இரண்டுக்கும் தனித்தனியே அனுமதி வேண்டும். மெட்டுக்கும் வரிக்கும் வாங்குவது சிங்க் லைசென்ஸ், பதிவுக்கு வாங்குவது மாஸ்டர் லைசென்ஸ். ஒரு பக்கத்துக்குக் கூடுதலாகக் கொடுத்தால் மறு பக்கத்துக்கும் அதே தொகை என்று ஒப்பந்தத்திலேயே எழுதுவது வழக்கம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெட்டும் வரியும் யார் செய்தாரோ அவருடையவை, அதில் பெரிதாகச் சிக்கல் வராது. மாஸ்டர்தான் வில்லங்கம். தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 21ஆம் பிரிவு என்ன சொல்கிறது? ஒலிப்பதிவு செய்யச் சொல்லி, அதற்குப் பணமோ பணத்துக்கு ஈடானதோ கொடுத்தவர்தான் பதிவின் உரிமையாளர், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத வரை. நீங்கள் வாடகை கொடுத்துப் பதிவு செய்திருந்தால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. இலவசமாகச் செய்திருந்தால், பதிவுக்கான ஏற்பாடுகளைச் செய்தவர் யார் என்ற கேள்விக்குப் போய்விடும். ஸ்டூடியோக்காரர் “நான்தானே எல்லாம் செய்தேன்” என்பார், அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது. அதனால் நண்பர் சும்மா செய்துகொடுக்கிற பதிவுக்குத்தான் நான் முதலில் காகிதம் கேட்பேன். ரசீது உள்ள இடத்தில் இத்தனை பயம் இல்லை. இதே பிரிவு மறுபக்கமும் வெட்டும்: டிவி கம்பெனி காசு கொடுத்து உங்களைப் பதிவு செய்யச் சொன்னால், எழுதி மாற்றாத வரை மாஸ்டர் அவர்களுடையது.

செய்ய வேண்டியது சின்ன வேலை. பதிவு முடிந்த அன்றே, எல்லாரும் ஸ்டூடியோவில் இருக்கும்போதே, ஒரே தாளில் மெட்டு யார், வரி யார், யாருக்கு எத்தனை சதவீதம், மாஸ்டர் யாருடையது, எல்லார் சார்பிலும் கையெழுத்துப் போட யாருக்கு அதிகாரம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். காசு பற்றிய பேச்சே இல்லாத நாளில் யாரும் சண்டை போடுவதில்லை. தவில்காரர் கூலிக்கு வாசித்தாரா, பங்குக்கு வாசித்தாரா என்பதும் அந்தத் தாளில் வந்துவிட வேண்டும்.

சினிமாப் பாட்டைச் சொந்தக் குரலில் பாடிப் பதிவு செய்திருக்கிறோம், அதைக் கொடுக்கலாமா என்று நம் ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். உங்கள் பதிவை நீங்கள் கொடுக்கலாம். மெட்டுக்கும் வரிக்கும் இந்தியாவில் உள்ள உரிமையாளரிடம் போயாக வேண்டும், அது நாளை மாலைக்குள் நடக்கிற காரியம் இல்லை. தேவாரம், திருப்புகழ், பாரதியார் வரிகளுக்கு அந்தத் தடை கிடையாது. ஆனால் நீங்கள் பாடும் மெட்டு பிறகு யாரோ போட்டதாக இருந்தால் அவரைக் கேட்க வேண்டும். யூடியூபிலிருந்து வெட்டி ஒட்டிய உடுக்கைச் சத்தமும் அப்படித்தான். 'இதில் உள்ள எல்லாம் என்னுடையவை, வழக்கு வந்தால் செலவு என் பொறுப்பு' என்ற வரி இல்லாத ஒப்பந்தத்தை நான் பார்த்ததே இல்லை.

கையெழுத்துக்கு வருவோம். உரிமையையே எழுதிக்கொடுப்பதும், ஒருவருக்கு மட்டும் என்று கொடுக்கும் லைசென்ஸும் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். மற்ற லைசென்ஸ் வாய்மொழியாகவும் இருக்கலாம், உங்கள் நடத்தையிலிருந்தும் ஊகிக்கலாம். ஆகவே வாட்ஸ்அப்பில் யோசிக்காமல் போட்ட ஒரு கட்டைவிரல்கூட அனுமதியாக எடுத்துக்கொள்ளப்படலாம்.

உரிமையை மொத்தமாக எழுதிக்கொடுப்பதன் விலைக்கு இந்த நாட்டிலேயே பாடம் இருக்கிறது. ஜூலுப் பாடகர் சாலமன் லிண்டா 1939இல் பதிவு செய்த 'ம்பூபே' பாட்டின் உரிமையை 10 ஷில்லிங்குக்கு விட்டுக்கொடுத்தார். அது உலகம் சுற்றி, 1994இல் 'லயன் கிங்' படத்திலும் ஒலித்தது. லிண்டா 1962இல் வறுமையில் இறந்தார். எழுதிக்கொடுத்த உரிமை, இறந்து 25 ஆண்டு கழித்து வாரிசுகளுக்குத் திரும்பும் என்ற 1911ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்ட விதியைப் பிடித்துக்கொண்டு குடும்பம் வழக்காடி, 2006இல்தான் சமரசம் ஆயிற்று. இன்று எழுதிக்கொடுப்பவர்களுக்கு அந்த விதி கிடையாது. எத்தனை வருடம், எந்த நாடுகள், எந்த ஊடகம், டிரெய்லருக்கும் உண்டா என்று வரம்பு போட்டு லைசென்ஸ் கொடுங்கள், சொத்து உங்களிடமே இருக்கட்டும்.

வீடியோ விளையாட்டுகளில் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் சொல்வேன். கால வரம்பு வைத்தால் அவர்களுக்குத் தலைவலி: 'ஆலன் வேக்' இசை லைசென்ஸ் முடிந்து 2017இல் விற்பனையிலிருந்தே இறக்கப்பட்டது, 'ஜி.டி.ஏ. 4'லிருந்து 2018இல் பல பாட்டுகள் நீக்கப்பட்டன. அதனால் இப்போது காலவரையற்ற அனுமதி கேட்கிறார்கள். அந்த ஒரு விளையாட்டுக்கு மட்டும், அதே பாட்டை நீங்கள் பிறருக்கும் கொடுக்கும் உரிமையோடு என்றால் கொடுக்கலாம், அதற்கேற்ற விலை கேட்டுக்கொண்டு. கொடுத்த பிறகு, அதை விளையாடிக் காட்டும் பிள்ளைகளின் வீடியோமீது உங்கள் பாட்டை இணையத்தில் ஏற்றும் விநியோகஸ்தர் தானாக உரிமை கோராதபடி சொல்லிவைத்துவிடுங்கள்.

அப்புறம், இசைக்கான ராயல்டி வசூலிக்கும் சங்கமான சாம்ரோவில் சேர்ந்தாயிற்று, இனி எல்லாம் அவர்கள் பார்ப்பார்கள் என்ற நினைப்பு. சாம்ரோ வசூலிப்பது மெட்டும் வரியும் பொதுவில் ஒலிக்கும்போது வரும் ராயல்டியை, மாஸ்டர் அவர்கள் கையில் இல்லை. அந்த ராயல்டியும் சரியாக வர, தயாரிப்பாளர் தரும் கியூ ஷீட்டில், அதாவது படத்தில் வரும் பாட்டுகளின் பட்டியலில், உங்கள் பெயரும் பங்கும் பிழையில்லாமல் இருக்க வேண்டும். நகல் தருவோம் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். 'டிவியில் வரும்போது ராயல்டி வருமே, முன்பணத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்' என்று பேரம் பேசுவார்கள். அமெரிக்கத் திரையரங்குகள் படத்தில் வரும் இசைக்கு ராயல்டியே கட்டுவதில்லை என்பதை அப்போது நினைவில் வைத்துக்கொண்டு விலை சொல்லுங்கள்.