'செக்டேரியன் பிரேயர்': தமிழில் என்ன சொல்லலாம்?

அமெரிக்காவில் மாநிலச் சட்டமன்றம் கூடினால் முதலில் ஒரு மதகுரு வந்து பிரார்த்தனை சொல்வது பழைய வழக்கம், அது அரசியல் சட்டப்படி சரியா என்று நாற்பது வருஷத்துக்கும் மேலாக அங்கே கோர்ட் படி ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வழக்குகளில் மூச்சுக்கு முந்நூறு தடவை வரும் சொல்தான் 'செக்டேரியன்', அதாவது ஏதோ ஒரு சமயத்துக்கோ அதன் பிரிவுக்கோ மட்டும் உரியது. அகராதியைப் பார்த்துவிட்டு 'பிரிவினைவாதப் பிரார்த்தனை' என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். பிரிவினைவாதம் என்றால் நமக்குத் தனி நாடு கேட்பதுதான் ஞாபகம் வரும், அங்கே யாரும் தனி நாடு கேட்கவில்லை.

'செக்ட்' லத்தீன் மொழியின் 'செக்டா'விலிருந்து வந்தது. அதன் வேர் 'பின்தொடர்' என்ற வினை. வெட்டுவதைக் குறிக்கும் இன்னொரு லத்தீன் வினை பார்க்க அதே மாதிரி இருப்பதால், வெட்டிக்கொண்டு பிரிந்த கூட்டம் என்று பலரும் பொருள் கொண்டுவிட்டார்கள். உண்மையில் நம்முடைய 'நெறி', 'மார்க்கம்' இரண்டுக்கும்தான் அது பக்கத்து வீடு.

சொல்லுக்குக் கெட்ட பெயர் வந்தது பிற்பாடு. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பொதுப்பள்ளிகளில் புராட்டஸ்டண்ட் பைபிள் வாசிப்பு 'எல்லோருக்கும் பொது', கத்தோலிக்கர் தங்கள் பள்ளிக்கு அரசுப் பணம் கேட்டால் அது 'செக்டேரியன்'! அந்தக் காலத்தில் இந்தச் சொல் கத்தோலிக்கருக்கு வைத்த மறைபெயர் என்பது ஊரறிந்த ரகசியம் என்று 2000இல் ஒரு தீர்ப்பில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி கிளாரன்ஸ் தாமஸே எழுதினார். அதாவது பெரும்பான்மையின் வழக்கம் 'பொது' ஆகிவிடும், மற்றவருடையது 'செக்டேரியன்' ஆகிவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டு வழக்குகளைப் பாருங்கள்.

நெப்ராஸ்கா சட்டமன்றத்தில் 1965 முதல் ராபர்ட் பாமர் என்ற பிரஸ்பிட்டேரியன் (புராட்டஸ்டண்டில் ஒரு பிரிவு) பாதிரியார் பிரார்த்தனை சொல்லிவந்தார், கூட்டத்தொடர் நடக்கும் மாதங்களில் அரசுப் பணத்திலிருந்து மாதம் 319.75 டாலர் சம்பளம். உறுப்பினர் எர்னி சேம்பர்ஸ் வழக்குப் போட்டார். 1983இல் உச்ச நீதிமன்றம் 6–3 கணக்கில், நாடு தோன்றிய காலத்திலிருந்தே இருக்கும் வழக்கம், இருக்கட்டும் என்றது. ஆனால் தீர்ப்பின் ஓர் அடிக்குறிப்பில் ஒரு சங்கதி இருந்தது: 1980இல் யூத உறுப்பினர் ஒருவர் குறைப்பட்டுக்கொண்டபின் பாமர் கிறிஸ்துவைக் குறிப்பிடுவதையே விட்டுவிட்டாராம். சரி, அப்படியானால் கிறிஸ்து பெயர் வந்தால் தப்பு, வராவிட்டால் சரி என்று பிடித்துக்கொண்டன சில கீழ் நீதிமன்றங்கள். இந்தியானா மாநிலச் சட்டமன்றத்தின் கீழவையில் 2005இல் ஒரு மதகுரு இயேசுவைப் பற்றிய பாட்டையே பாட வைத்தார், சில உறுப்பினர்கள் வெளியே போய்விட்டார்கள். அந்த ஆண்டே மாவட்ட நீதிமன்றம் இத்தகைய பிரார்த்தனைகளுக்குத் தடை போட்டது. 2007இல் மேல்முறையீட்டில் அந்தத் தடை போய்விட்டது, ஆனால் பிரார்த்தனை சரியென்று சொல்லியல்ல, வரி கட்டுகிறவர் என்ற முறையில் மட்டும் இந்த வழக்கைப் போட முடியாது என்று.

அப்புறம் 2014. நியூயார்க் மாநிலத்தின் கிரீஸ் என்ற ஊர் மன்றத்தில் 1999 முதல் பல ஆண்டுகள் கிறிஸ்தவ மதகுருக்கள் மட்டுமே பிரார்த்தனை சொன்னார்கள். அதை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, விசாரணையில் நீதிபதி அலிட்டோ, கிறிஸ்தவர், யூதர், இஸ்லாமியர், பௌத்தர், இந்து எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி ஒரு பிரார்த்தனை சொல்லுங்கள் பார்ப்போம் என்று எதிர்த்தவர்களின் வழக்கறிஞரை மடக்கினார். 'ஆதிபகவன்' யார் என்பதில் சமணரும் சைவரும் வைணவரும் ஆளுக்கொரு உரை சொன்னது தெரிந்த நமக்கு அந்தக் கேள்வியின் கனம் புரியும். தீர்ப்பு 5–4: பொதுவாகத்தான் இருக்க வேண்டுமென்று இல்லை, பிற மதத்தை இழிவுபடுத்துவதோ மதம் மாறச் சொல்வதோ வழக்கமாகாமல் இருந்தால் போதும். எது 'பொது' என்று முடிவுசெய்யும் வேலையை நீதிபதிகள் எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஏதோ ஓர் அனுமதி கேட்டு அந்த ஊர் மன்றத்தின் முன் நிற்கும் சிறுபான்மைக்காரர், எல்லோரும் தலைகுனியும்போது தான் மட்டும் நிமிர்ந்து நிற்க வேண்டியிருப்பதற்கு அதில் பதில் இல்லை, நீதிபதி காகன் மாறுபட்டு எழுதியதும் ஏறக்குறைய இதைத்தான்.

இனி தமிழ்ச் சொல். 'நான்செக்டேரியன்' என்பதை 'மதச்சார்பற்ற' என்று எழுதுவது தவறு, அது 'செக்யுலர்'. கடவுளை அழைக்கும் பிரார்த்தனை எப்படி மதச்சார்பற்றதாகும்? 'பிரேயர்' இன்னும் சிக்கல்: ஜெபம் என்றால் கிறிஸ்தவம், துஆ என்றால் இஸ்லாம், வேண்டுதல் என்றால் மொட்டை போடுவது. நம் பள்ளிக் காலைக் கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து சொன்ன 'இறைவணக்கம்' என்ற சொல்லே எனக்குச் சரியாகப் படுகிறது. ஆகவே செக்டேரியன் பிரேயர் 'தனிச்சமய இறைவணக்கம்', நான்செக்டேரியன் 'பொது இறைவணக்கம்'. நெப்ராஸ்காவில் பாமர் 1980க்குப் பின் சொன்னது பொது இறைவணக்கம். கிரீஸ் ஊர் மன்றத்தில் சொன்னவற்றில் பல தனிச்சமய இறைவணக்கம். ஈராக்கில் சன்னி–ஷியா மோதல் பற்றிய செய்தியில் இதே சொல் வந்தால் மட்டும் 'சமய உட்பிரிவு மோதல்' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.