நோயாளியின் படுக்கையருகே தொடங்கும் தலைமைப் பொறுப்பு

அமெரிக்க மருத்துவமனைகளில் ஆன்மிக ஆதரவுப் பணிக்கு, அதாவது சாப்ளின் பணிக்கு, வர விரும்பும் நம்மவர்கள் சிலர் என்னிடம் ஆலோசனை கேட்கும்போது, அத்துறையின் தலைவராக எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதையே முதலில் கேட்கிறார்கள். அவர்களில் பலர் திருச்சபையிலோ கோயிலிலோ பல ஆண்டுகள் பொறுப்பு வகித்தவர்கள்; அந்த அனுபவமே போதும் என்று நம்புகிறவர்கள். அது உதவும், ஆனால் போதாது என்பதே என் உறுதியான கருத்து. சமயத் தலைமையில் இருப்பவரிடம் மக்கள் தேடி வருகிறார்கள். மருத்துவமனையிலோ, நம்மை அழைத்திராத, நம் சமயத்தைச் சாராத, சில வேளைகளில் எந்தச் சமயத்தையும் ஏற்காத ஒருவரின் அறைக்குள் நாம் அனுமதி கேட்டு நுழைகிறோம்.

இப்பணிக்கான பயிற்சி உருவான வரலாறே இதை உணர்த்துகிறது. ஆன்டன் பாய்சன் என்ற போதகர் 1920-இல் கடுமையான மனநோய்க்கு ஆளாகி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நலமடைந்தபின் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் சாப்ளினாகப் பொறுப்பேற்ற அவர், 1925-ஆம் ஆண்டு கோடையில் இறையியல் மாணவர்கள் சிலரை அங்கே அழைத்துவந்து, நூல்களைப் படிப்பதைப் போன்ற கவனத்துடன் நோயாளிகளின் வாழ்க்கையைப் படிக்கச் செய்தார். நோயாளியாக இருந்த ஒருவரிடமிருந்து தொடங்கிய இந்த முறைதான் இன்று மருத்துவக்களப் போதகப் பயிற்சியாக (Clinical Pastoral Education), சுருக்கமாக சி.பி.இ. என்ற பெயரில், வளர்ந்து நிற்கிறது.

ஒரு சி.பி.இ. அலகு என்பது குறைந்தது 400 மணி நேரம். அதில் பெரும்பகுதி வார்டுகளில் கழியும். எஞ்சிய நேரம் சக பயிற்சியாளர்களுடனும் மேற்பார்வையாளருடனும் கழியும். நோயாளியுடன் நடந்த உரையாடலை நினைவிலிருந்து வரிக்கு வரி எழுதிவந்து குழுவின் முன் வாசிக்க வேண்டும். ‘கடவுள் என்னை ஏன் இப்படிச் சோதிக்கிறார்?’ என்று நோயாளி கேட்டிருப்பார். பயிற்சியாளர் உடனே ஒரு வேத வசனத்தையோ வினைப்பயன் பற்றிய விளக்கத்தையோ சொல்லியிருப்பார். அந்த வரியில் மேற்பார்வையாளர் நிறுத்தி, அந்தப் பதில் யாருடைய அச்சத்தைத் தணித்தது, நோயாளியுடையதையா உங்களுடையதையா என்று கேட்பார். நீண்ட காலம் பிரசங்கம் செய்து பழகியவர்களுக்கு இக்கேள்வி மிகுந்த வலி தரும். ஆயினும் தன் துக்கத்தையும் கோபத்தையும் நோயாளியின் மேல் ஏற்றாமல் அமர்ந்திருக்கக் கற்றுக்கொள்ளும் இடம் இதுதான். பிற்காலத்தில் மற்ற சாப்ளின்களை வழிநடத்தப் போகிறவர் இதைத் தாண்டிச் செல்ல குறுக்குவழி எதுவும் இல்லை.

முறையான சான்றிதழ் பெற நான்கு அலகுகள், முதுகலை நிலைக் கல்வி, அதன்பின் பணியனுபவம், தேர்வுக்குழுவின் நேர்காணல் ஆகியவை பொதுவாகத் தேவை. இவற்றுடன், தம் சமய அமைப்பு ஒன்றின் ஒப்புதல் கடிதமும் கேட்கப்படும். கிறிஸ்தவர்களுக்குத் திருச்சபை உண்டு. அத்தகைய மைய அமைப்பு இல்லாத இந்துக்கள் இக்கடிதத்தை யாரிடமிருந்து பெறுவது என்பதைப் படிப்பைத் தொடங்கும் முன்பே சான்றளிக்கும் சங்கத்திடம் விசாரித்துக்கொள்வது நல்லது.

தலைமைப் பொறுப்பின் அன்றாட வேலை வெளியில் இருப்பவர்கள் எண்ணுவதற்கு முற்றிலும் வேறானது. சாப்ளினின் சேவைக்குப் பெரும்பாலான மருத்துவமனைகளில் தனிக் கட்டணம் பெற முடியாது. ஆகவே செலவைக் குறைக்கும் பேச்சு எழும்போதெல்லாம் இத்துறை நெருக்கடிக்கு உள்ளாகிறது. இறுதிக்காலப் பராமரிப்பான ஹாஸ்பிஸில் மட்டும் நிலை சற்று உறுதியானது. மருத்துவர், செவிலியர், சமூகப்பணியாளர் போன்றோருடன் ஆன்மிக ஆலோசகரோ பிற ஆலோசகரோ குழுவில் இடம்பெற வேண்டும் என்று, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் விதிகளே கூறுகின்றன. மற்ற இடங்களில், எத்தனை பேரைச் சந்தித்தோம் என்ற எண்ணிக்கையை மட்டும் காட்டாமல், குடும்பத்தினருடனான கடினமான முடிவுகளிலும் மரணத்துக்குப் பின் செவிலியர்களைத் தாங்குவதிலும் துறை ஆற்றும் பங்கை நிர்வாகத்துக்குப் புரியும் மொழியில் எடுத்துரைக்கத் தலைவர் அறிந்திருக்க வேண்டும். இரவுப்பணிப் பட்டியல், நோயாளியின் பதிவேட்டில் எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்ற நெறி, தன்னார்வலர்கள் மதமாற்ற நோக்கத்துடன் பேசாதிருப்பதை உறுதிசெய்தல், இஸ்லாமியர் ஒருவர் இறந்தால் உடலைத் தாமதமின்றி ஒப்படைக்க ஏற்பாடு செய்தல் ஆகிய யாவும் அவர் பொறுப்பே. இத்தனைக்கும் நடுவே வாரத்தில் சில மணி நேரமாவது வார்டுக்குச் செல்லாத தலைவரின் முடிவெடுக்கும் திறன் மெல்ல மெல்ல மழுங்கிவிடுகிறது என்பதை நான் பலரிடம் கண்டிருக்கிறேன்.

தமிழகத்தில் இருப்பவர்கள் இப்பணி தமக்குப் பொருந்துமா என்று அறிய வெளிநாடு செல்ல வேண்டியதில்லை; வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சாப்ளின் துறையும் சி.பி.இ. பயிற்சியும் உண்டு. ஏற்கெனவே சான்றிதழ் பெற்றுத் தலைமைப் பதவிக்கான நேர்காணலுக்குச் செல்கிறவர்கள், துறை யாருக்குக் கீழ் இயங்குகிறது, நள்ளிரவில் அழைப்பு வந்தால் யார் செல்கிறார்கள், சாப்ளின்களுக்கே மனச்சோர்வு ஏற்பட்டால் அவர்கள் யாரிடம் பேசுகிறார்கள் என்ற மூன்றையும் சம்பளம் பற்றிப் பேசுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.