"ஓஃப்தானே அண்ணே?" என்று இனிமேல் கேட்காதீர்கள்

இந்த முறையும் சீசன் தொடங்குமுன் ஒரு பொடியன் கையைச் சுட்டுக்கொண்டான். நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டல், பெயர் வேண்டாம். கிணற்று மோட்டரின் கொன்ட்ரோல் பெட்டியைத் திறக்குமுன், பக்கத்துக் கட்டடத்தில் நின்றவரிடம் "மெயின் ஓஃப்தானே அண்ணே?" என்று கேட்டிருக்கிறான். அவரும் "ஓம் ஓம், ஓஃப்" என்றிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் நின்ற கட்டடத்தின் மெயின் ஓஃப்தான். மோட்டருக்கு லைன் வந்தது ஜெனரேட்டர் அறையில் இருந்த வேறொரு பெட்டியிலிருந்து. இரண்டு விரலில் எரிகாயம், ஓர் இரவு ஆஸ்பத்திரிக் கட்டில், அதோடு தப்பினான். பார்க்கப் போனபோது அவன் சொன்ன முதல் வார்த்தை: "நான் கேட்டனான் சேர்."

இந்தக் "கேட்டனான் சேர்" எனக்கு அலுத்துவிட்டது. ஹோட்டல், ஐஸ் ஃபேக்டரி, அரிசி ஆலை என்று திருகோணமலை மாவட்டம் முழுக்க மின் பராமரிப்பு வேலை செய்விக்கிறவன் நான். நான் பார்த்த வரையில், கேட்காமல் கைவைத்து அடி வாங்குகிறவர்களைவிடக் கேட்டுவிட்டு அடி வாங்குகிறவர்களே அதிகம். கேட்டாச்சு, ஆகவே பாதுகாப்பு என்று ஒரு நம்பிக்கை நம் ஆட்களிடம் ஊறிப்போய்க் கிடக்கிறது. அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

"ஓஃப்தானே?" என்று கேட்கிறவன் தகவல் கேட்கவில்லை. பதிலை அவனே மனதில் முடிவு செய்துவிட்டான், மற்றவரிடமிருந்து ஒரு தலையாட்டல் மட்டும் வேண்டும். பதில் சொல்கிறவருக்கும் அது வசதி. எந்த மெயின் என்று யோசிக்கத் தேவையில்லை, எழும்பிப் போய்ப் பார்க்கத் தேவையில்லை. ஃபோனில் பேசிக்கொண்டே "ஓம்" சொல்லிவிடலாம். இல்லை என்று சொல்வதற்குத்தான் மெனக்கெட வேண்டும். அவசரத்தில் நிற்கிற மனிதர் மெனக்கெடுவாரா?

இதையே "எந்தப் பெட்டியில எந்த பிரேக்கரை இறக்கினீங்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். இதற்குத் தலையாட்ட முடியாது. தெரிந்தால் சொல்வார். தெரியாவிட்டால் "பொறு, பாத்திட்டுச் சொல்றன்" என்பார். அந்தப் "பொறு"வை வரவழைக்கிற கேள்விதான் நமக்கு வேண்டும். கூடவே இன்னும் இரண்டு: "இறக்கினது ஆர்?", "திருப்பிப் போடாம இருக்க என்ன செய்தனீங்கள்?" கடைசிக் கேள்விக்கு, இறக்கிய பிரேக்கரில் போட்ட பூட்டும் 'ஆள் வேலை செய்கிறார், போடாதே' என்று தொங்கவிட்ட அட்டையும்தான் சரியான பதில். சாவி வேலை செய்கிறவனின் சட்டைப்பையில் இருக்க வேண்டும். "நான் இதிலதான் நிக்கிறன்" என்பது பதில் இல்லை. தேத்தண்ணிக்குப் போவார்.

இதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது: "இதில கரண்ட் இல்லைத்தானே?" அதற்கு "ஓம்" என்று பதில் வந்தால், இருக்கிறது என்றா, இல்லை என்றா? கேட்டவன் தனக்கு வசதியானதை எடுத்துக்கொள்வான்.

இப்படி ஒரு கேள்வியின் விலையை உலகம் 1977 மார்ச் 27 அன்று கண்டது. ஸ்பெயினுக்குச் சொந்தமான தெனெரீஃப் தீவு விமான நிலையத்தில் பனிமூட்டம். நெதர்லாந்தின் கே.எல்.எம். விமானம் ஓடுபாதையில் வேகமெடுக்கத் தொடங்கிவிட்டது. அதே பாதையில் அமெரிக்காவின் பான் அம் விமானம் இன்னும் நகர்ந்துகொண்டிருந்தது. ரேடியோவில் கேட்ட பேச்சை வைத்து கே.எல்.எம்.மின் ஃப்ளைட் எஞ்சினியருக்குச் சந்தேகம் தட்டியது. "அப்போ அந்தப் பான் அம் இன்னும் விலகவில்லையா?" என்ற பாங்கில் கேட்டார். கேப்டன் அழுத்தமாக ஆமாம், விலகிவிட்டது என்றார். பேச்சு அதோடு முடிந்தது. சில நொடிகளில் இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள். விமான விபத்துகளிலேயே அதிகம் பேர் மாண்டது இன்றுவரை இதில்தான்.

அந்த எஞ்சினியர் கேட்கத்தானே செய்தார் என்பீர்கள். கேட்டார். ஒரே சொல்லில் மூடிவிடக்கூடிய கேள்வியாகக் கேட்டார், அதுவும் பனியில் எதையும் பார்க்க முடியாத ஆளிடம். பான் அம் எங்கே நிற்கிறது என்பது பான் அம்முக்குத்தான் தெரியும். "நிறுத்துங்கள், ரேடியோவில் அவர்களையே கேட்போம்" என்பதுதான் அங்கே வேண்டியிருந்தது. அனுபவம் மிகுந்த கேப்டனிடம் அதைச் சொல்வது லேசில்லை என்பதும் உண்மை. அதனால்தான் அதற்குப் பிறகு, கீழே இருப்பவர் சந்தேகத்தைத் துணிந்து சொல்லவும் மேலே இருப்பவர் அதைக் காதில் வாங்கவும் விமானிகளுக்குத் தனிப் பயிற்சியே வந்தது. நம் பொடியனும் அதே தப்பைத்தான் செய்தான். ஜெனரேட்டர் அறையைப் பார்க்காத ஆளிடம் ஜெனரேட்டர் லைனைப் பற்றிக் கேட்டான்.

ஒரு காலத்தில் "மெயின் ஓஃப்தானே?" ஓரளவுக்குச் செல்லுபடியானது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். கட்டடத்துக்கு ஒரே ஒரு வரத்து, மின்சார சபையின் லைன். இப்போது அப்படியா? 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அதன்பிறகு ஜெனரேட்டர் வாங்காத ஹோட்டல் இந்தக் கரையில் குறைவு. அதற்குமேல் கூரையில் சோலார், சில இடங்களில் பற்றரியோடு இன்வெர்ட்டர். மெயினை இறக்கினால் சாதாரண சோலார் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும், சரி. ஆனால் வெயில் இருக்கும்வரை பேனலிலிருந்து வருகிற டீ.சி. வயரில் வோல்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். பற்றரி வைத்த இன்வெர்ட்டரோ லைன் போனவுடன் தானே கரண்ட் கொடுக்கத் தொடங்கும், அதற்குத்தானே காசு கொடுத்து வாங்கினோம். ஆகவே முதற்கேள்வி "இந்த இடத்துக்கு எங்கெங்கேயிருந்து கரண்ட் வருகிறது?" என்பதாக இருக்கட்டும். முதலாளிக்குத் தெரியாவிட்டால் வயரிங் செய்தவரைக் கூப்பிடுங்கள். அவரும் இல்லையென்றால் நீங்களே ஒவ்வொரு வயராகத் தடம் பிடித்துப் போங்கள். அதற்குப் போகிற நேரத்துக்கும் கூலி கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

(இடையில் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரால் ஜெனரேட்டரை வீட்டு சொக்கெட்டில் குத்துகிறீர்களே, மெயினை இறக்க மறந்தால் அந்த 230 வோல்ட் பின்பக்கமாகப் போய் ட்ரான்ஸ்ஃபோர்மரில் ஏறி, வெளி லைனில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக நிற்கும். கம்பத்தில் ஏறியிருக்கிற மின்சார சபைப் பொடியன் லைன் செத்துவிட்டது என்று நினைத்திருப்பான். சபை லைனோ ஜெனரேட்டரோ ஒன்று மட்டும் வீட்டோடு சேர விடுகிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடுங்கள்.)

மனிதரைக் கேட்டு முடிந்தால் டெஸ்டரைக் கேட்க வேண்டும். அதிலும் முறை இருக்கிறது. முதலில் கரண்ட் இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். அப்புறம் வேலை செய்யப்போகும் இடத்தில். அப்புறம் திரும்பவும் முதல் இடத்தில். நடுவில் டெஸ்டர் செத்திருந்தால் கடைசியில்தான் தெரியவரும். சட்டைப்பையில் செருகிய நியோன் டெஸ்டர் எரியவில்லை என்பதற்காக லைன் இல்லை என்று நம்புவதை விடுங்கள். பட்டப்பகல் வெயிலில் அந்த வெளிச்சம் கண்ணுக்கே தெரியாது. காய்ந்த மர ஏணியில் நின்றால் எரிவதும் மங்கலாகத்தான் எரியும். மீட்டரோ இரண்டு முனை டெஸ்டரோ வாங்குங்கள்.

ஷிஃப்ட் மாறும்போதும் இதே கதை. "ஏதும் பிரச்சினை இருக்கா?" "இல்லை." அவ்வளவுதான் கைமாற்றம். 1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் அல்ஃபா எண்ணெய் மேடை எரிந்து 167 பேர் இறந்ததற்கு, ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்தது இரவு ஷிஃப்டுக்குத் தெரியாமல் போனதும் ஒரு காரணம். கடதாசி எழுதப்பட்டிருந்தது, ஆனால் வாய்விட்டு ஒருவரும் சொல்லவில்லை. "எதைக் கழற்றினீங்கள், எதைத் திருப்பிப் பூட்டேல்ல?" என்று கேளுங்கள்.

சிங்கள பாஸ்மாரோடு (தொழில் தெரிந்த வேலைக்காரர்களோடு) வேலை செய்கிறவர்களுக்கு: அவர் "ஹரி ஹரி" என்றால் விளங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது நம் "ஓம் ஓம்"தான். பாஷை குறைவென்றால் கூட்டிக்கொண்டு போய் பிரேக்கரில் விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

இனி சேர்மாருக்கும் மூத்த பாஸ்மாருக்கும். "இதுகூடத் தெரியாதா உனக்கு?" என்று ஒரு தரம் எல்லார் முன்னும் கேட்டுவிட்டால், அந்தப் பொடியன் அதன்பிறகு தலையாட்டல் கேள்வி மட்டும்தான் கேட்பான், ஏனென்றால் அதற்கு ஏச்சு விழாது. தயவுசெய்து கொஞ்சம் பொறுமையாக இருங்கள். "ஓஃப்தானே சேர்?" என்று வந்து நின்றால் "ஓம்" சொல்லாதீர்கள். "எதைக் கேக்கிறாய் தம்பி?" என்று திருப்பிக் கேளுங்கள். இரண்டு நாளில் பழகிவிடுவான்.

பழுது பார்க்கப் போன இடத்திலிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் எழுதுகிற பொடியளுக்கும் ஒன்று. "சேர் மோட்டர் வேலை செய்யுதில்லை, என்ன செய்ய?" என்றால் நான் என்ன செய்வது? ஓடவேயில்லையா, ஓடி நிற்கிறதா? போட்ட உடனே ட்ரிப் ஆனால், அதாவது பிரேக்கர் தானாக விழுந்தால், ஷோர்ட் அல்லது எர்த் பக்கம் தேட வேண்டும். பத்து நிமிடம் ஓடிய பிறகு ட்ரிப் ஆனால் லோட் கூடுகிறது, பம்பில் மணல் அடைத்திருக்கலாம், பேரிங் இறுகியிருக்கலாம். சுற்றாமல் 'ம்ம்ம்' என்று முனகினால், சிங்கிள் ஃபேஸ் மோட்டரில் கெப்பாசிட்டர், த்ரீ ஃபேஸ் மோட்டரில் ஒரு ஃபேஸ் வரவில்லை. நம் கடற்காற்றுக்கு டெர்மினல் உப்புப் பிடித்துக் கறுத்திருக்கும், முதலில் அதைப் பாருங்கள். இவற்றில் எது என்று கேள்வியிலேயே எழுதிவிட்டால் பதில் ஒரு வரியில் வந்துவிடும்.

எழுதும்போது என்ன கண்டீர்கள், என்ன செய்து பார்த்தீர்கள், என்ன நினைக்கிறீர்கள், இந்த மூன்றும் இருக்க வேண்டும். நினைத்தது பிழையாக இருந்தாலும் பரவாயில்லை, திருத்தலாம். மோட்டரின் பெயர்த்தகட்டைத் துடைத்துவிட்டுப் படம் எடுத்து அனுப்புங்கள், பெட்டியின் முழுப் படமும் வேண்டும். இரவு பதினொரு மணிக்கு "சேர் நித்திரையா?" என்று மட்டும் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். நித்திரை என்றால் நான் எப்படிப் பதில் போடுவது?