அடுத்த கீ எங்கே போனது?

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் ஓர் ஈமச்சடங்கு உதவிச் சங்கம். மாதச் சந்தா கட்டிவந்தால், வீட்டில் சாவு விழும்போது செலவைச் சங்கம் பார்த்துக்கொள்ளும். அதற்கு நான் சம்பளம் வாங்காமல் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். சி மொழி, உறுப்பினர் விவரமெல்லாம் ஒரே ஜிடிபிஎம் கோப்பில் (சிறிய தரவுத்தளம் மாதிரி), ஒவ்வொரு விவரத்தையும் தேடி எடுக்க உதவும் அடையாளமான கீ, உறுப்பினர் எண்தான்.

ஒருநாள் பொருளாளர் அங்கிள் கூப்பிட்டார். "தம்பி, போன வருஷமே போய்ச் சேர்ந்த மனுஷனுக்கு இன்னும் சந்தா பாக்கின்னு மெசேஜ் போகுதே. அவர் சம்சாரம் என்கிட்ட வந்து அழுவுது."

இறந்தவர்களை நீக்க நான் எழுதிய லூப்பில்தான், அதாவது ஒவ்வொரு கீயாகத் திரும்பத் திரும்ப ஓடும் பகுதியில்தான் கோளாறு. ஃபர்ஸ்ட்கீ மூலம் முதல் கீயை எடுப்பேன். நெக்ஸ்ட்கீ மூலம் அடுத்ததைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, தேவைப்பட்டால் பழையதை நீக்குவேன். பார்த்தால் ஒரு தப்பும் தெரியாது. ஆனால் ஜிடிபிஎம் கீகளை ஹாஷ் அட்டவணையில் வைக்கிறது, அதாவது கீயிலிருந்து கணக்கிடும் ஓர் எண்ணைக் கொண்டு அது இருக்க வேண்டிய பக்கெட்டை, அதாவது பெட்டியை, முடிவுசெய்கிறது. ஒன்றை நீக்கினால், அதே பக்கெட்டில் இருக்கும் மற்ற கீகள் தேடும்போது கிடைக்க வேண்டுமே என்று அவற்றை நகர்த்தி வைக்கும். நாம் இன்னும் பார்க்காத ஒரு கீ அப்படி நகர்ந்து, நாம் தாண்டிவந்த காலி இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டால் லூப் அதைப் பார்க்கவே பார்க்காது. பிழைச் செய்தியும் வராது. இந்த இரண்டு ஃபங்ஷனும் படிப்பதற்கு மட்டும்தான் என்று கையேட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது. நான்தான் அதைப் புரட்டவில்லை.

தீர்வு எளிது. முதல் சுற்றில் நீக்க வேண்டிய கீகளை ஓர் அரேயில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சுற்று முடிந்த பிறகு நீக்கலாம்.

அதே லூப்பில் இன்னும் இரண்டு ஓட்டைகள் இருந்தன. நெக்ஸ்ட்கீ தரும் ஒவ்வொரு கீக்கும் நினைவகம் புதிதாக ஒதுக்கப்படுகிறது, அதை ஃப்ரீ செய்வது, அதாவது திருப்பி விடுவிப்பது, நம் பொறுப்பு. அப்புறம், கீயின் கடைசியில் முடிவைக் காட்டும் சுழியம் இருக்கும் என்று நம்பி, அச்சிடும் பிரிண்ட்எஃப்-இடம் கொடுக்கக் கூடாது. நீளம், கீயோடு சேர்ந்து வரும் டிசைஸில் இருக்கிறது, அதுவரைக்கும்தான் படிக்க வேண்டும்.

சரி, நீக்கும் வேலை முடிந்தது என்று பார்த்தால், "பேர் வரிசையில லிஸ்ட் கொடு தம்பி" என்றார் அங்கிள். ஹாஷ் கோப்பில் 'அடுத்தது' என்றால் அகரவரிசையில் அடுத்தது என்று அர்த்தமில்லை. வரிசை வேண்டுமென்றால், கீகளை வரிசையாகவே அடுக்கிவைக்கும் பி-ட்ரீ வேண்டும். அதனால் அது உள்ள பெர்க்லி டிபி என்ற தரவுத்தளத்துக்கு மாறினேன். அதில் இடத்தைச் சுட்டும் கர்சரைத் திறந்து செட்-ரேஞ்ச் கொடுத்தால், கேட்ட கீயிலோ அதற்குச் சற்று மேலே உள்ளதிலோ போய் நிற்கும். அங்கிருந்து நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று நடக்கலாம்.

அங்கேயும் வரிசை என்னை ஏமாற்றியது. பி-ட்ரீ, நாம் வேறு சொல்லாதவரை, கீயை பைட் பைட்டாகத்தான் ஒப்பிடும். நம் கணினிகள் முழு எண்ணின் சிறிய பைட்டை முதலில் எழுதுகின்றன. எண்ணை அப்படியே கீயாக வைத்ததால் 256-ம் உறுப்பினர் 1-ம் உறுப்பினருக்கு முன்னால் வந்து நின்றார்! பைட் வரிசையை மாற்றும் எச்டிஓஎன்எல் ஃபங்ஷனைப் போட்டு பெரிய பைட்டை முன்னே கொண்டுவந்ததும் சரியானது.

பெயர்களில் வேறு தொல்லை. முதலி மூட்லி ஆகி, நாயுடு நாய்டூ ஆன ஊர் இது. பேரேட்டில் எல்லாமே ஆங்கில எழுத்துதான். யாரோ சின்ன எழுத்தில் தொடங்கி டைப் செய்த ஒரு மூட்லி, பிள்ளை என்ற பெயர்க்காரர்கள் எல்லாருக்கும் பின்னால் போய்விட்டார், ஏனென்றால் பெரிய எழுத்துகளெல்லாம் முன்னால் வரும். கீயை எழுதும்போதே எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக மாற்றிவிட்டேன். ஒரே பெயரில் மூன்று நாய்டூ இருந்தால் கடைசியாக எழுதியவர் மற்ற இருவரையும் அழித்துவிடுவார். ஆகவே பெயரோடு உறுப்பினர் எண்ணையும் ஒட்டித்தான் கீ.

லூப் எங்கே முடிகிறது என்பதிலும் கவனம் வேண்டும். நாட்ஃபவுண்ட் வந்தால்தான் கோப்பு முடிந்தது. வெற்றி என்பதைக் காட்டும் சுழியம் அல்லாத எதைக் கண்டாலும் 'முடிந்தது' என்று வெளியேறினால், பாதியில் பழுதான கோப்பும் முழுதாகப் படித்த கோப்பு போலவே தெரியும்.

இப்போது ஒவ்வொரு சுற்றும் முடிந்ததும், எத்தனை கீ படித்தோம் என்று அச்சிடச் செய்திருக்கிறேன். அங்கிள் அதைப் பேரேட்டுக் கணக்கோடு ஒப்பிட்டு, சரியாக இருந்தால் சிவப்பு மையில் டிக் அடிக்கிறார். அந்த டிக் விழாமல் மெசேஜ் அனுப்பும் புரோகிராமை நான் ஓடவிடுவதில்லை.