கண்மை காயாது, அச்சுமை காயும்

காருக்குறிச்சியில் ஒரு குயவர் பானைக்கு அடி மூடுவதை ஒரு காலைப்பொழுது முழுக்க உட்கார்ந்து வரைந்தேன். சக்கரத்திலிருந்து அறுத்து இறக்கும்போது பானைக்கு அடி கிடையாது. உள்ளே இடக்கையில் உருண்டைக் கல், வெளியே வலக்கையில் மரப்பலகை. தட்டத் தட்ட மண் மெலிந்து கீழே கூடி வந்து மூடிக்கொள்ளும். வரைந்ததை அப்படியே லினோலியம் (சுருக்கமாக லினோ) என்னும் தரைவிரிப்புத் துண்டில் செதுக்கி, அச்செடுத்து, அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா நான் வலக்கைக்காரம்லா."

படத்தில் பலகை இடக்கையில் இருந்தது. ரப்பர் ஸ்டாம்பை உற்றுப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும். தாளின் மேல் அச்சைக் கவிழ்க்கிறோம், அதனால் வலம் இடமாகிவிடுகிறது. 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் நூல் அச்சானபோது வார்க்கப்பட்ட எழுத்துகளும் இப்படித் திரும்பியேதான் இருந்தன. (அந்த வேலையின் பின்னால் இருந்த அன்றீக்கே அடிகளார், தாமிரபரணி கடல் சேரும் புன்னைக்காயலில் வாழ்ந்தவர்.) தவறைத் தவிர்க்க எளிய வழி உண்டு. டிரேசிங் தாளில் பென்சிலால் வரைந்து, அதைக் கவிழ்த்து வைத்துத் தேய்த்தால் லினோவில் திரும்பிய படம் விழும். அச்சில் அது மறுபடி நேராகும்.

செதுக்குவது எப்படி என்று கேட்டால் நான் வயலைக் காட்டுவேன். உளி தோண்டிய இடம் வயல், தோண்டாமல் விட்டது வரப்பு. மை உருளையை ஓட்டினால் வரப்பின் தலையில் மட்டும் மை ஏறும். பள்ளம் தாளில் வெள்ளையாக நிற்கும். வரப்பை அடி அகலமாகவும் தலை குறுகலாகவும் அணைப்பது போலத்தான் ஒவ்வொரு கோட்டையும் விட வேண்டும். அடியைக் குடைந்துவிட்டால் அழுத்தும்போது கோடு சரிந்து உடையும். மரத்தில் செதுக்கும்போது நார் ஓடும் திசை உளியை இழுக்கும். லினோவில் நாரே இல்லாததால் எந்தப் பக்கமும் வளைக்கலாம். சற்று வெயிலில் வைத்தால் இன்னும் இளகும். நம் ஊர் வெயிலுக்குச் சில நிமிடம் போதும்.

கறுப்பு மை ஒன்றை வைத்துக்கொண்டு பத்தமடைப் பாயின் மென்மையை எப்படிக் காட்டுவது? சாம்பல் நிறத்தைக் கண்தான் உண்டாக்குகிறது. இரண்டு கோடுகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க நம் கண்ணுக்கு ஓர் அளவு உண்டு: கோணத்தில் ஒரு பாகையின் (டிகிரி) அறுபதில் ஒரு பங்கு. மூன்று மீட்டர் தள்ளி நின்றால் அது 1 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அதைவிட நெருக்கமாகக் கோடு இழுத்தால் கறுப்பும் வெள்ளையும் கலந்து சாம்பலாகத் தெரியும். கோரையை நாராகக் கிழித்து நெய்யும் கைகள் செய்வதும் நெருக்கத்தின் வித்தையே. வங்கத்துக் கிராமத்து உழைப்பைச் செதுக்கிய ஹரேன் தாஸின் படங்களில் இந்தச் சாம்பல் எத்தனை படிகளில் இறங்குகிறது என்று பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது மையின் கதை. வீட்டில் ஆமணக்கெண்ணெய் விளக்கின் கரியைத் தட்டில் பிடித்து, அதே எண்ணெயில் குழைத்தால் கண்மை. கரியை ஆளி விதை எண்ணெயில் குழைத்தால் அச்சுமை. முன்னது வருடக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். பின்னது சில நாளில் இறுகிவிடும். எண்ணெய் நீரைப் போல ஆவியாகிக் காய்வதில்லை. ஆளி எண்ணெயின் மூலக்கூறுகளில் இரட்டைப் பிணைப்புகள், அதாவது ஆக்சிஜன் எளிதில் பற்றும் இடங்கள், நிறைய. காற்றின் ஆக்சிஜன் அங்கே புகுந்து ஒரு மூலக்கூறை இன்னொன்றோடு கட்டிப் போடுகிறது. திரவம் வலையாகி, வலை திடமாகிறது. காயும்போது எடை முதலில் கூடவே செய்யும்! ஆமணக்கெண்ணெயில் அப்படிப் புகுவதற்கு இடம் குறைவு, தேங்காயெண்ணெயில் அதைவிடக் குறைவு.

ஆளி எண்ணெயையே நன்றாக இறுகவிட்டு, தக்கைத் தூளும் பிசினும் சேர்த்துச் சாக்குத்துணியில் பரப்பினால் கிடைப்பதுதான் லினோலியம். பிரடெரிக் வால்டன் 1860-களில் இங்கிலாந்தில் அதைத் தரைவிரிப்பாகச் செய்தார். ஆக, அச்சுக்கட்டையும் மையும் ஒரே விதையின் பிள்ளைகள். ஒன்று எச்சரிக்கை: ஆளி எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். ஆக்சிஜன் சேரும்போது சூடு பிறக்கும். கசங்கிய துணிக்குள் அது வெளியேற வழியின்றித் தானாகத் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து வையுங்கள்.

படத்தைத் திருத்திச் செதுக்கினேன். ஐப்பசி மழைக்காலம், துணிக்கொடியில் கிளிப் போட்டு ஒரு வாரம் தொங்கவிட வேண்டியிருந்தது. அவரிடம் கொடுத்தபோது களிமண் கையோடு வாங்கிப் பலகை பிடித்த வலக்கையைத் தொட்டுப் பார்த்தார். மை கலையவில்லை. தாளின் ஓரத்தில் அவருடைய பெருவிரல் மண் மட்டும், வரப்பு வரப்பாகப் பதிந்திருந்தது.